மினிடிஸ்க்கா டிசிசியா? 1992ல வந்த ரெண்டுல எது தேறுச்சு

1982ல சிடிய சேர்ந்து கொண்டு வந்த சோனியும் பிலிப்ஸும் பத்தே வருஷத்துல எதிரெதிரா நின்னாங்க. ரெண்டு பேரும் குறி வச்சது கேசட்டோட இடத்ததான், ஏன்னா அப்பல்லாம் வீட்டுல சிடில நாம எதையும் பதிய முடியாது, கேசட்டுல பதியலாம் ஆனா அந்த "ஸ்ஸ்ஸ்" சத்தம் விடாது. 1992 கடைசில சோனி மினிடிஸ்க்குங்கற சின்ன வட்ட இறக்க, பிலிப்ஸ் மட்சுஷிடாவோட (இன்னைக்கு பானசோனிக்) கூட்டு சேர்ந்து டிசிசிங்கற டிஜிட்டல் கேசட்ட இறக்குச்சு.

கணக்கு மட்டும் பாத்தா டிசிசிதான் ஜெயிச்சிருக்கணும். பழைய கேசட்டு எல்லாமே அதே டெக்குல பாடும் (பதியதான் முடியாது), டேட்டாவும் விநாடிக்கு 384 கிலோபிட், மினிடிஸ்க்குல 292தான். ரெண்டுமே பாட்ட சுருக்கித்தான் வைக்குது, ஆனா சோனி மினிடிஸ்க்குல பாட்ட சுருக்கற முறையான அட்ராக் ஆரம்பத்துல கொஞ்சம் மோசம்தான், சத்தத்துல டிசிசி நல்லா இருந்துச்சுன்னு அப்பவே நிறைய பேர் சொன்னாங்க, அத நானும் மறுக்கல.

ஆனா என்ன இருந்தாலும் அது டேப்பு சார். ஒன்பதாவது பாட்டு வேணும்னா ஓட்டிட்டு உக்காந்திருக்கணும், நடுவுல ஒரு பாட்ட அழிச்சா அந்த இடம் அப்படியே காலியா கிடக்கும்.

மினிடிஸ்க் இங்கதான் அடிச்சுது. 64 மில்லிமீட்டர் வட்டு, ஒரு பக்கம் லேசர் சூடு பண்ணும், மறுபக்கம் காந்த ஹெட் எழுதும், பத்து லட்சம் தடவ அழிச்சு எழுதலாம்னு சோனி சொல்லுச்சு. அத விட முக்கியம் டிஓசி, அதாவது எந்த பாட்டு வட்டுல எங்க இருக்குன்னு வச்சிருக்க பட்டியல். ஒரு பாட்ட ரெண்டா வெட்டணுமா, மூணாவதா இருக்கறத முதல்ல கொண்டு வரணுமா, பாட்ட தொடவே வேணாம், பட்டியல மாத்தினா போதும். நடுவுல அழிச்ச இடத்துலயும் அங்கங்க துண்டு துண்டா புதுப்பாட்டு ஏறிக்கும், கேக்கும்போது தொடர்ச்சியா இருக்கும். ஒரே தொல்லை என்னன்னா டிஸ்ப்ளேல டிஓசின்னு மின்னிட்டு இருக்கப்ப கரண்ட் போச்சுன்னா புதுசா பதிஞ்சது அவ்ளோதான்.

சும்மா அழிச்சு எழுத கேசட்டே போதுமே, இப்படி வெட்டி ஒட்டி விளையாடறதுக்குத்தான் வட்டு வேணும். அதனால என் ஓட்டு மினிடிஸ்க்குக்குதான்.

டிசிசிய 1996லயே மூடிட்டாங்க. மினிடிஸ்க் ஜப்பான்ல நல்லாவே ஓடுச்சு, அமெரிக்கால பெருசா எடுபடல, விலையும் ஜாஸ்தி, அப்புறம் ஒரு தடவ பதியற சிடியான சிடி-ஆர் மலிவானதும் எல்லாரும் கம்ப்யூட்டர்லயே எரிச்சுக்கிட்டாங்க. சிடி-ஆர்டபிள்யூவும் அழிச்சு எழுதறதுதான், ஆனா வரிசைய மாத்தணும்னா பொதுவா மொத்தத்தையும் அழிச்சிட்டு திரும்ப எரிக்கணும், அத போய் மினிடிஸ்க்கோட ஒப்பிடறதே பாவம். 2004ல ஹை-எம்டிங்கற ஒரு ஜிபி மினிடிஸ்க் வந்துச்சு, சுருக்காம 94 நிமிஷம் பதியலாம், பிரமாதம்தான், ஆனா அதுக்குள்ள ஐபாட் வந்து மூணு வருஷம் ஆகிப்போச்சு.

சோனி காலி டிஸ்க் தயாரிக்கறத 2025 பிப்ரவரில நிறுத்திடுச்சு, அதனால இனி செகண்ட் ஹேண்ட்தான் தேடணும். அப்படி வாங்கும்போது ஷட்டர தள்ளிப் பாருங்க, ரெண்டு பக்கமும் திறந்தா பதியலாம், ஒரு பக்கம் மட்டும் திறந்தா அது கம்பெனியே பாட்டு அச்சடிச்சு வித்தது, அதுல ஒன்னும் எழுத முடியாது.