சோடா ஊற்றிப் பிடித்த புழு: உப்புத் தொட்டியோடு மூன்று வருடம்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில், என் வீட்டு முன்னறையில் 200 லிட்டர் உப்புநீர்த் தொட்டி ஒன்று மூன்று வருடமாக ஓடுகிறது. அதில் புழு பிடிப்பதற்காக நான் பயன்படுத்திய பொறி, மருந்து, மீன் எல்லாம் எப்படி உழைத்தன என்று சொல்கிறேன்.

ஊர்க்காரன்தானே, கடலில் கல் பொறுக்கிப் போட்டிருப்பான் என்று நினைத்துவிட வேண்டாம். கல் பவளம் அத்தனையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கல்லெடுத்துக் கல்லெடுத்தே விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்று இரண்டு தீவுகளை மூழ்கவிட்ட கடல் இது. என் தொட்டியில் செராமிக் கற்களும், அவற்றின் மேல் ஒட்டி வளரும், கல் எலும்பில்லாத காளான் பவளமும், குட்டிப் பூக்கள் மாதிரி கொத்தாக விரியும் ஜோவாவும்தான். தொட்டியைக் கலைத்த சென்னை நண்பர் ஒருவரிடமிருந்து பழைய கற்களாக வாங்கினேன். புழுவும் அதோடு இலவசமாக வந்தது.

முதல் இரவு டார்ச் அடித்ததும் கல்லுக்கடியிலிருந்து பூரான் மாதிரி ஒன்று நெளிந்து ஓடியது. இளஞ்சிவப்பு உடல், இரு பக்கமும் வெள்ளை முள் கொத்து. பதறிப்போய்ப் பொறி செய்தேன். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகி, உள்ளே இறால் தலை. செலவு என்று எதுவும் இல்லை, பலனோ அமோகம். ஒரு வாரத்தில் பதினொரு முள்ளுப்புழு. ஒன்றை வெறுங்கையால் எடுத்துத் தூக்கிப் போடப் பார்த்தேன். கண்ணாடித்தூள் மாதிரி முள் விரலில் ஏறி, இரண்டு நாள் எரிந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் வள்ளத்தில் போகிறவர். "தேய்க்காத தம்பி, டேப்பு ஒட்டி இழு" என்றார். செலோடேப்பை ஒட்டி உரித்தேன், பாதி முள் வந்துவிட்டது.

பதினொன்றையும் கொன்ற பிறகுதான் வினை ஆரம்பித்தது. மீன் தின்னாமல் விட்ட தீனி கல் இடுக்கில் அழுகி, பாசி பிடித்து, தண்ணீர் நாறியது. முள்ளுப்புழு பெரும்பாலும் துப்புரவுக்காரன். செத்ததையும் மிச்சத்தையும் தின்கிறதே தவிர, நல்ல பவளத்தைத் தொடுவதில்லை. பவளத்தைத் தின்று பேர் வாங்கிய தாடி நெருப்புப்புழு அட்லாண்டிக், மத்தியதரைக் கடல் பக்கத்து ஆள். இப்போது பொறியை எப்போதாவது, கூட்டம் மிஞ்சினால் மட்டும் வைக்கிறேன். கூட்டம் மிஞ்சினால் தீனி அதிகம் போடுகிறேன் என்று அர்த்தம். இந்த வகையைத் துண்டாக்கவும் கூடாது, துண்டு ஒவ்வொன்றும் தனிப் புழுவாக வளரக்கூடியது.

நிஜமான திருடன் வேறு. எட்டாவது மாதம் ஜோவா தலைகள் ஒவ்வொரு காலையும் இரண்டு மூன்று குறைந்தன. நத்தைகள் காணாமல் போயின. ஒரு கல்லின் துளை வாயில் மட்டும் சளியில் மணலும் குப்பையும் ஒட்டி, காகிதக் குழாய் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டி, இரவு பதினோரு மணிக்கு மேல் உட்கார்ந்தேன். சிவப்பு வெளிச்சம் இதற்கு அவ்வளவாக உறைப்பதில்லை. மூன்றாம் நாள் தலை வெளியே வந்தது. ஐந்து உணர்கொம்பு, எண்ணெய் படர்ந்த தண்ணீர் போல வானவில் மினுமினுப்பு, பக்கத்தில் முள் கொத்து கண்ணுக்கே தெரியவில்லை. யூனிஸ் என்கிற வேட்டைப் புழு. இந்த வகையில் ஒன்று 2009-ல் ஜப்பானில் மிதவை ஒன்றுக்குள் 299 செ.மீ. நீளத்தில் கிடைத்திருக்கிறது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

பொறிக்கு அது வரவே இல்லை. இடுக்கியால் இழுத்ததில் பத்து செ.மீ. வால்தான் மிஞ்சியது. தலை உள்ளே இருந்தால் வால் திரும்ப வளரும், ஆக அந்த வேலையே வீண். கடைசியில் கல்லையே தூக்கிக் கடல்நீர் வாளியில் வைத்தேன். பெட்டிக்கடை கோலி சோடாவை (பன்னீர் சோடா கூடாது, வெறும் சோடா) ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து ஒவ்வொரு துளையாகச் செலுத்தினேன். நாலாவது துளையில் புழு வேறு வழியில்லாமல் வெளியே பாய்ந்தது. அறுந்தது போக நாற்பது செ.மீ. சோடாவைத் தொட்டிக்குள் மட்டும் பீய்ச்சாதீர்கள், தண்ணீரின் pH (அமில-கார அளவு) சட்டென்று இறங்கிவிடும். கல்லை நல்ல கடல்நீரில் அலசித்தான் திரும்ப வைக்க வேண்டும். மூன்று வருடத்தில் நான் செய்ததிலேயே உருப்படியான வேலை இந்தச் சோடாதான்.

இரண்டாம் வருடம் தட்டைப்புழு. துரு நிறம், அரை செ.மீ., வாலில் மூன்று கூர். நீரோட்டம் குறைந்து வெளிச்சம் அதிகமான இடத்தில் பாய் விரித்தது போல அப்பிக்கொள்ளும். பவளத்தைக் கடிக்காது, மேலே படர்ந்து வெளிச்சத்தை மறைத்தே கொல்லும். இதற்கென்று விற்கிற சொட்டு மருந்தை அவசரப்பட்டு ஊற்றினேன். மருந்து சொன்னதைச் செய்தது. ஒரு மணி நேரத்தில் எல்லாம் சுருண்டு உதிர்ந்தன. ஆனால் கூட்டமாகச் சாகும்போது அவை விடுகிற நஞ்சில் இரண்டு கோபி மீன்கள் போயின. மருந்தில் குற்றமில்லை, அட்டையில் எழுதியிருந்ததை நான் படிக்கவில்லை. அடுத்த முறை இரண்டு வாரம் ஏர் குழாயால் முடிந்தவரை உறிஞ்சி எடுத்தேன். அப்புறம் மருந்து, அரை மணியில் நஞ்சை உறிஞ்சப் புதுக் கரி, உடனே நாற்பது லிட்டர் தண்ணீர் மாற்றம். ஒரு மீன்கூடச் சாகவில்லை. தண்ணீர் விஷயத்தில் நமக்கு வசதி, தென்கடலில் (மன்னார் வளைகுடாப் பக்கம்) கேன் கேனாக எடுத்து வடிகட்டி வைத்துக்கொள்ளலாம். வாடைக்காற்று மாதங்களில் வடகடல் (பாக் விரிகுடாப் பக்கம்) கலங்கிக் கிடக்கும், அந்தப் பக்கம் போவதே இல்லை.

தட்டைப்புழுவை மட்டுமே தின்கிற நீல நிற, வெளியே ஓடு தெரியாத கடல் நத்தை ஒன்று விற்பார்கள். புழு தீர்ந்ததும் அது பட்டினியில் சாகும், அதனால் வாங்கவில்லை. அதற்குப் பதில் ஆறு வரி ராஸ் மீன் வாங்கினேன். முதல் ஆறு மாதம் புழுவாகப் பொறுக்கித் தின்று நல்ல பிள்ளையாக இருந்தது. இப்போது தொட்டியே தன் பட்டா நிலம் என்று புதிதாக வருகிற ஒவ்வொரு மீனையும் துரத்துகிறது. யாருக்காவது வேண்டுமென்றால் சும்மாவே தருகிறேன். ஆனால் நீங்களே வந்து பிடித்துக்கொள்ள வேண்டும், என்னால் முடியவில்லை.