குத்தின் வேகத்துக்கு எது: ஸ்பீட் பேக்கா, டபுள் எண்ட் பேக்கா?

குத்துச்சண்டை வீரர் ஃபிளாய்ட் மேவெதர் ஸ்பீட் பேக்கைப் படபடவென்று அடிப்பதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் குத்தின் வேகம் கூட வேண்டுமென்றால் என் ஓட்டு டபுள் எண்ட் பேக்குக்குத்தான்.

ஸ்பீட் பேக் என்பது ஒரு பலகைக்கு அடியில் தொங்கும் சின்னப் பை. ஒரு அடிக்கும் அடுத்ததற்கும் நடுவே அது மேலே உள்ள பலகையில் மூன்று முறை மோதும். தாளம் மாறாது. கையை இறக்காமல் வைத்திருக்கத் தோள் பழகும், அது பெரிய லாபம். ஆனால் கை சிறு வட்டம் போடுகிறதே தவிர, ஜாப் (முன் கையால் விடும் நேர்க்குத்து) போல நேராகப் போய் வருவதில்லை.

டபுள் எண்ட் பேக்கை மேலும் கீழும் ரப்பர் கயிறு இழுத்துப் பிடித்திருக்கும். ஜாப் விட்டால் பை பின்னால் போய், சட்டென்று முகத்துக்கு நேராகப் பாயும். கை அதற்குள் தாடைக்குத் திரும்பாவிட்டால் மூக்கில் வாங்க வேண்டியதுதான். பலர் கோட்டை விடுவது கையைத் திரும்ப இழுக்கும் வேகத்தில்தான். அப்புறம், தோளை இறுக்கி ஓங்கிக் குத்தினால் பை தாறுமாறாக ஆடும், அடுத்த குத்து தவறும். அதனாலேயே தோள் தளர்ந்து, குத்து படும் கணத்தில் மட்டும் முஷ்டி இறுகப் பழகும்.

ஸ்பீட் பேக்கை விட்டுவிட வேண்டாம். பயிற்சி முடிவில் ஒன்றிரண்டு 3 நிமிட ரவுண்டு போதும். டபுள் எண்ட் பேக்கில் புதிதாகத் தொடங்குபவர்கள் பெரிய பையாக வாங்குங்கள். சின்னது லேசில் குத்துக்குச் சிக்காது.