எலும்பு, மூட்டு ஸ்கேனுக்கு எங்க ஏரியா சென்டர் – போகலாம், ஆனா ரிசப்ஷன்ல கொஞ்சம் உஷார்

மதுரைல ஸ்கேன் சென்டருக்கா பஞ்சம், ஆஸ்பத்திரி இருக்கற ரோட்டுல எல்லாம் வரிசையா போர்டு தொங்குது. நான் எழுதறது எங்க வீட்டுக்குப் பக்கத்துல இருக்கற மாடி சென்டர பத்தி. நல்லதும் சொல்வேன், கழுவியும் ஊத்துவேன், அதனால பேர் வேணாம். குடும்பமே அங்க போய்ட்டு வந்தாச்சு, எல்லாமே எலும்பு கேஸ் தான். அதனால பிரெக்னன்சி ஸ்கேன், வயித்து ஸ்கேன் எப்படின்னு கேட்டா எனக்கு சொல்லத் தெரியாது.

முதல்ல தம்பி கதை. பைக்ல ஸ்கிட் ஆகி உள்ளங்கைய ஊனி விழுந்துட்டான், வேற ஒரு இடத்துல எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டு ஒண்ணுமில்ல சுளுக்குதான்னு வலி மாத்திரையும் கிரேப் பேண்டேஜும் குடுத்து அனுப்பிட்டாங்க. வலி விடவே இல்ல, டம்ளர் கூட தூக்க முடியல, வீட்ல அப்பத்தா வேற புத்தூர் கட்டுக்கு கூட்டிட்டுப் போங்கடான்னு ஒரே பாட்டு. அப்பறம் ஒரு ஆர்த்தோ டாக்டர்கிட்ட காட்டினா, அவரு கட்டைவிரல நல்லா விரிச்சு தூக்க சொல்லி மணிக்கட்டு பக்கம் விழுற குழியில ஒரே அமுக்கு, இவன் துள்ளி குதிச்சுட்டான். ஸ்காஃபாய்டுன்னு ஒரு குட்டி எலும்பு அங்கதான் இருக்காம், இளவட்ட பசங்க கைய ஊனி விழுந்தா மணிக்கட்டு குட்டி எலும்புங்கள்ல அதிகமா உடையறது அதுதானாம், முதல் எக்ஸ்ரேல கோடு தெரியாம போறதும் ரொம்ப சகஜமாம்.

அந்த சீட்டோட இந்த சென்டருக்கு போனோம். எனக்கு பிடிச்சது எக்ஸ்ரே ரூம் டெக்னீஷியன் அண்ணன். சீட்ட வாங்கி வச்சுட்டு உடனே சுடல, "எப்படி தம்பி விழுந்த, எங்க வலிக்குது, ஒத்த விரலால காட்டு"ன்னு கேட்டாரு. நேரா ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு எடுத்துட்டு, கைய சுண்டுவிரல் பக்கமா சாய்ச்சு வச்சு இந்த எலும்புக்குன்னே இருக்கற படத்தையும் எடுத்தாரு. எலும்ப ஒரே கோணத்துல பாத்துட்டு உடையலன்னு சொல்லவே கூடாது தம்பி, ஒரு கோணத்துல மறையற கோடு இன்னொண்ணுல தெரியும்னாரு. முதல்ல போன இடத்துல எடுத்தது மொத்தமே ரெண்டு படம், அதுலயும் ஒண்ணுல கை கோணலா இருந்துச்சு.

சரி, இந்த படத்துலயாவது தெரிஞ்சுதான்னா, இல்ல, இதுலயும் கோடு தெரியல. ஆனா ரேடியாலஜிஸ்ட் ரிப்போர்ட்ல நார்மல்னு ஒத்த வரில முடிக்கல. முறிவு தெரியல, ஆனா வலி இருக்கற இடத்த பாத்தா சந்தேகம் இருக்கு, 10–14 நாள் கழிச்சு திரும்ப எக்ஸ்ரே இல்லன்னா எம்ஆர்ஐ பாக்கவும்னு எழுதியிருந்தாரு. நான் இந்த சென்டருக்கு மார்க் போடறதே இந்த ஒரு வரிக்காக தான், எம்ஆர்ஐ மெஷின் எத்தன டெஸ்லா, அதாவது காந்தம் எவ்ளோ பவருங்கறதெல்லாம் அப்பறம். ஏன்னா இந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்கத்துல இருந்து நுழைஞ்சு பின்னாடி முழங்கை பக்கமா போகுதாம், நடுவுல ஒடிஞ்சா பின் துண்டுக்கு ரத்தம் கட்டாகிடும், கவனிக்காம விட்டா எலும்பு கூடாமலே நின்னுடும், சில பேருக்கு அந்த துண்டு செத்தே போயிடும். 'சுளுக்கு'ன்னு நினைச்சு ரெண்டு மாசம் ஓட்டினவன் கதையெல்லாம் ஆர்த்தோ ஓபில உக்காந்தா கேக்கலாம்.

எம்ஆர்ஐயும் இங்கயே எடுத்தோம். 1.5 டெஸ்லா மெஷின், நம்மாளுங்க 3 டெஸ்லா இருக்கான்னு டிவி சைஸ் கேக்கற மாதிரி கேப்பாங்க, ஆனா கைக்குன்னு தனி காயில் (ஸ்கேன் பண்ற இடத்த ஒட்டி மாட்டி சிக்னல் பிடிக்கற கருவி) இருக்கான்னு கேளுங்க, சின்ன எலும்புக்கு அது முக்கியம். குப்புற படுக்க வச்சு கைய தலைக்கு மேல நீட்ட சொல்லிட்டாங்க, தம்பிக்கு தோள்பட்ட மரத்தே போச்சாம், அத முன்னாடியே ஒரு வார்த்த சொல்லிருக்கலாம். வெள்ளி அரைஞாண், தாயத்து எல்லாம் கழட்டணும், பேஸ்மேக்கர், உடம்புக்குள்ள பழைய பிளேட், கண்ணுல இரும்புத் தூள் பட்டிருக்கான்னு ஒரு ஃபார்ம் குடுத்து ஒவ்வொண்ணா வாசிச்சு கேட்டாங்க, வெல்டிங் பட்டறைல வேல பாக்கறீங்களான்னு கூட கேட்டாங்க, அதுல குறையே சொல்ல முடியாது. படத்துல முறிவு கோடு பளிச்னு வந்துச்சு, சுத்தி எலும்பு மஜ்ஜைல நீர் கோத்த மாதிரி வெள்ளையா இருந்துச்சு, எக்ஸ்ரேக்கு அது தெரியவே தெரியாதாம். மாவுக்கட்டு போட்டு இப்ப நல்லா இருக்கான், அப்பத்தாவுக்கு மட்டும் இன்னும் வருத்தம்.

அடுத்து அம்மா. பாத்ரூம்ல வழுக்கி மணிக்கட்டு உடைஞ்சது, அது எக்ஸ்ரேலயே தெரிஞ்சு கட்டும் போட்டாச்சு. நின்ன எடத்துல இருந்து விழுந்ததுக்கே எலும்பு உடையுதுன்னா எலும்பு வலு என்னன்னு பாக்கணும், டெக்ஸான்னு எலும்பு அடர்த்தி அளக்கற எக்ஸ்ரே ஸ்கேன் எடுங்கன்னு டாக்டர் சொன்னாரு. எங்க அம்மா ஒத்துக்கவே இல்ல, ஏன்னா அதுக்கு முன்னாடிதான் மெடிக்கல் ஷாப் வாசல்ல ஃப்ரீ கேம்ப்ல குதிகால ஒரு டப்பா மாதிரி மிஷின்ல வச்சுப் பாத்துட்டு நார்மல்னு சீட்டு குடுத்திருந்தாங்க. மக்களே, அந்த குதிகால் மிஷின் அல்ட்ராசவுண்ட். உலக சுகாதார நிறுவனம் 1994ல சொன்ன கணக்கு, அதாவது டி ஸ்கோர் (இளவயசு ஆளுங்க எலும்போட ஒப்பிட்டு நம்ம எலும்பு அடர்த்திக்கு போடற நம்பர்) -1க்கு மேல இருந்தா ஓகே, -2.5ம் அதுக்கு கீழயும் போனா ஆஸ்டியோபோரோசிஸ்ங்கற எலும்பு பலவீனம், டெக்ஸா நம்பருக்கு போடற அந்த அளவுகோல குதிகால் மிஷின் நம்பருக்கு அப்படியே போட முடியாது. அதுல நார்மல்னு வந்தத நம்பி நிம்மதியா உக்காராதீங்க, மோசம்னு வந்தாலும் அவங்க குடுக்கற கால்சியம் டப்பாவ உடனே வாங்காதீங்க.

டெக்ஸா எடுக்கறது ரொம்ப சிம்பிள், குகை மாதிரி எதுவும் கிடையாது, ஓப்பன் டேபிள்ல படுத்தா போதும். இடுப்பு முதுகுக்கு கால தூக்கி ஒரு பெட்டி மேல வைப்பாங்க, இடுப்பு எலும்புக்கு பாதத்த உள்பக்கமா திருப்பி கட்டுவாங்க, மொத்தம் பதினஞ்சு நிமிஷம் கூட ஆகாது, கதிர்வீச்சும் ரொம்ப ரொம்ப கம்மி. எடுத்தது ஒரு பொண்ணு, "தாலிக்கொடிய கழட்ட வேணாம்மா, மேல தூக்கி தோள் பக்கம் போட்டுக்கோங்க, ஊக்கு மட்டும் எடுத்துடுங்க"ன்னு அவ்ளோ பதமா சொல்லுச்சு, அம்மா இன்னும் அந்த பொண்ண பத்தி பேசுது. முந்துன நாள் கால்சியம் மாத்திரை போடக்கூடாதுன்னு போன்லயே சொல்லிட்டாங்க, அதுவும் சரி.

ரிசல்ட் டி ஸ்கோர் முதுகுல -1.6, இடுப்புல தொடை எலும்பு கழுத்துல -2.7. முதுகு பரவாயில்லையேன்னு நாங்க சந்தோஷப்பட்டோம், ஆனா ரிப்போர்ட்லயே எழுதியிருந்தாங்க, முதுகெலும்புல தேய்மானத்தால எலும்பு முளை விட்டிருக்கு, அதனால அந்த நம்பர் உண்மைய விட நல்லா காட்டும், இடுப்பு நம்பர வச்சு முடிவு பண்ணவும்னு. எத்தன இடத்துல இத எழுதறாங்க? கம்ப்யூட்டர்ல வர்ற கலர் கிராஃப அப்படியே பிரிண்ட் போட்டு கையெழுத்து வச்சு குடுத்துடறாங்க. அம்மாவுக்கு இப்ப வருஷத்துக்கு ஒரு ஊசி போகுது. அடுத்த தடவையும் இதே மெஷின்லதான் எடுக்கணுமாம், வேற மெஷின்ல எடுத்தா நம்பர ஒப்பிட முடியாதாம், ஆக இந்த மாடிப்படி ஏற்றது எங்களுக்கு விதி.

இப்ப கழுவி ஊத்தற பகுதி. ரிசப்ஷன். டாக்டர் எழுதுனது மணிக்கட்டு, அந்தம்மா கேக்குது "சார் இன்னும் கொஞ்சம் போட்டா ஹோல் ஸ்பைன் பேக்கேஜ் வந்துடும், பாத்துக்கறீங்களா". எதுக்கு? பக்கத்து வீட்டு மாமா இப்படித்தான் லேசான இடுப்பு வலிக்கு தானா போய் பேக்கேஜ் எடுத்துட்டு, ரிப்போர்ட்ல டிஸ்க் பல்ஜ் டிஸ்க் பல்ஜ்னு (முதுகெலும்புங்களுக்கு நடுவுல இருக்கற மெத்தை கொஞ்சம் பிதுங்கறது) மூணு இடத்துல இருக்கறத பாத்துட்டு படுத்த படுக்கையாயிட்டாரு, ஆபரேஷன்னு சொல்லிடுவாங்களோன்னு பயம். வலியே இல்லாத ஆளுங்கள ஸ்கேன் பண்ணி வந்த ஆராய்ச்சிகள 2015ல சேத்து பாத்திருக்காங்க, அதுல 20 வயசுல 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ், 80 வயசுல 84 சதவீதம். நரை மாதிரி தான் அது பாதி பேருக்கு. மாமாவுக்கு ஆர்த்தோ டாக்டர் நடக்க சொன்னாரு, இப்ப ரேஸ்கோர்ஸ் கிரவுண்ட்ல நடக்கறாரு, அவ்ளோதான். கால் மரத்துப் போகுது, ஒண்ணுக்கு வர்றது தெரியல, காய்ச்சலோட முதுகு வலின்னா அது வேற விஷயம், அப்ப ஸ்கேன் தள்ளிப் போடாதீங்க.

இன்னொண்ணு, படத்த சிடில குடுக்கறாங்க. இந்த காலத்துல யார் வீட்டு லேப்டாப்ல சிடி போடற ஓட்டை இருக்கு? சண்ட போட்டதுக்கப்பறம் லிங்க் அனுப்புனாங்க, நீங்க முதல்லயே கேளுங்க. ஆர்த்தோ டாக்டருங்க பல பேர் ரிப்போர்ட்ட விட படத்ததான் பாக்கறாங்க, பழைய பிலிம் இருந்தா அதையும் எடுத்துட்டுப் போங்க, இந்த ரேடியாலஜிஸ்ட் உண்மையாவே பழசையும் புதுசையும் பக்கத்துல வச்சுப் பாக்கறாரு.

லிஃப்ட் இருக்கு ஆனா சக்கர நாற்காலி நுழையாது, கால் உடைஞ்சவங்கள தூக்கிட்டுத்தான் போணும், எலும்பு ஸ்கேன் எடுக்கற எடத்துல இப்படி ஒரு லிஃப்ட் வைக்க எவன் யோசிச்சான்னு தெரியல. உடம்பு முழுக்க பாக்கற நியூக்ளியர் போன் ஸ்கேன் இங்க கிடையாது, கேன்சர் எலும்புக்கு பரவியிருக்கான்னு பாக்க எழுதியிருந்தா பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். ஞாயித்துக்கிழமை திறந்திருப்பாங்க, படம் எடுப்பாங்க, ஆனா ரேடியாலஜிஸ்ட் இருக்க மாட்டாரு, ரிப்போர்ட் வேற யாரோ ஆன்லைன்ல போடறாங்க, அதனால அவசரம் இல்லன்னா வார நாள்ல காலைல போங்க, டெக்னீஷியன் அண்ணனும் அப்பதான் ட்யூட்டில இருப்பாரு.