ஆக்சிலரேட்டரை மிதித்தால் 'பட் பட்' சத்தமா? கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மாற்றச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

சிங்கப்பூரில் ஒரு கார் பட்டறையில் 1,480 வெள்ளி கொடுத்துவிட்டு, கொண்டுபோன சத்தத்தோடு அப்படியே திரும்பி வந்தேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் பட்டறையின் பெயரைப் போடவில்லை. ஆனால் இதே வித்தையை இன்னும் பல பேரிடம் காட்டுவார்கள் என்பதால் எழுதுகிறேன்.

வண்டி சிஓஇ (கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓட்டுகிற பழைய டொயோட்டா ஆல்டிஸ். சமதளத்தில் ஒன்றுமே தெரியாது. பிஐஇ விரைவுச்சாலையின் நுழைவுப் பாதையில் வேகம் எடுக்கும்போதும் மாடிக் கார்நிறுத்தத்தில் ஏறும்போதும் பின்னாலிருந்து பட், பட் என்று வெடிக்கும், வண்டி ஒரு குலுக்கு குலுக்கும், எஞ்சின் லைட் மினுக்கும்.

பட்டறையில் கவுன்டரில் இருந்தவர் தமிழர். "அண்ணே, நம்ம ஆளு நீங்க, உங்ககிட்ட போய் காசு பார்ப்போமா" என்று ஆரம்பித்தார் (இப்படி யாராவது ஆரம்பித்தால் பர்ஸைப் பிடித்துக்கொள்ளுங்கள்). ஸ்கேனரைச் செருகினார்கள், திரையை என் பக்கம் திருப்பவே இல்லை. என்ன கோடு (பழுதைக் காட்டும் எண்) வந்தது என்று கேட்டதற்கு "கேட்டலிட்டிக் போச்சுண்ணே, வர்ற இன்ஸ்பெக்ஷன்ல புகை டெஸ்ட் ஃபெயிலாகும்" என்றார். எக்ஸாஸ்ட் குழாயில் புகையைச் சுத்தம் செய்கிற பாகம்தான் இந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். பத்து வருடம் தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் இன்ஸ்பெக்ஷன் உண்டு, அது எல்லாருக்கும் இருக்கிற பயம், அதைத்தான் தொட்டார். கன்வெர்ட்டர், நான்கு ஈரிடியம் ஸ்பார்க் பிளக், கூலி எல்லாம் சேர்த்து பில். கழற்றிய பழைய கன்வெர்ட்டரைக் கேட்டேன். "அதெல்லாம் அப்பவே தூக்கிப் போட்டாச்சு." தூக்கிப் போடுகிற சாமானா அது? உள்ளே பிளாட்டினம், பலேடியம், ரோடியம் இருக்கிறது, பழைய சாமான் வாங்குகிறவர்கள் நல்ல விலை கொடுத்து எடுப்பார்கள்.

வண்டியை எடுத்துக்கொண்டு வரும் வழியிலேயே மேம்பாலத்தில் மறுபடியும் பட். போன் போட்டால் "இசியு புதுசா படிச்சுக்கணும்ணே, கொஞ்ச நாள் ஓட்டுங்க, சரியாயிடும்" என்றார்கள். இசியு என்பது எஞ்சினை இயக்குகிற கம்ப்யூட்டர். கோடுகளை அழித்திருந்ததால் லைட் மட்டும் கொஞ்ச நாள் அணைந்திருந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் சின் மிங் பக்கம் ஒரு சீன அங்கிளிடம் போனேன். அதிகம் பேசாத மனிதர். ஸ்கேனரை என் கையிலேயே கொடுத்தார்: பி0302, அதாவது இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், பெட்ரோல் சரியாக எரியவில்லை. உடனே எதையும் மாற்றவில்லை. இரண்டாவது சிலிண்டரின் இக்னிஷன் காயிலை (பிளக்குக்கு அதிக வோல்டேஜ் கொடுக்கிற பாகம்) கழற்றி மூன்றாவதில் போட்டு, அங்கிருந்ததை இங்கே போட்டு, கோடை அழித்துவிட்டு, என்னையும் ஏற்றிக்கொண்டு ஒரு ஏற்றத்தில் அழுத்தி ஓட்டினார். பி0303 வந்தது. கோளாறு காயிலோடு சேர்ந்து நகர்ந்துவிட்டது, ஆக காயில்தான். செலவில்லாத சோதனை, அரை மணி நேர வேலை, முதல் பட்டறைக்காரர்களுக்குத் தெரியாததும் இல்லை.

காயிலின் ரப்பர் உறையில் மயிரிழை போல ஒரு விரிசல், அதன் ஓரத்தில் வெள்ளையாகக் கருகிய புள்ளி. அந்த சிலிண்டரின் பிளக்கில் வெள்ளைப் பீங்கானின் மேல் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது, பிளக் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும், மின்சாரம் அவ்வளவு கஷ்டப்படாமல் விரிசல் வழியாகப் பக்கத்து இரும்புக்குத் தாவிவிடுகிறது. எரியாத பெட்ரோல் சூடான எக்ஸாஸ்ட் குழாய்க்குப் போய் அங்கே வெடிக்கிறது. அதுதான் அந்த பட்.

அப்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது. ஈரிடியம் பிளக்கின் நடு முனை மெல்லியதாக இருக்கும். என் எஞ்சினிலிருந்து வந்த நான்கும் தடித்த முனை கொண்ட சாதாரண பிளக்குகள், ஓரம் தேய்ந்து மழுங்கி, இடைவெளி 1.1 மில்லிமீட்டரை எப்போதோ தாண்டியவை. பில்லில் "ஈரிடியம் x 4". பிளக்கைத் தொடவே இல்லை! அங்கிள் தலையை மட்டும் ஆட்டினார். ஒரு காயில், நான்கு நிஜ ஈரிடியம் பிளக், மொத்தம் 260 வெள்ளி. சத்தம் போயே போச்சு.

நியாயமாகச் சொன்னால் கேட்டலிட்டிக் கெட்டுப்போவதும் உண்டு. ஆனால் அடைத்துக்கொண்டால் பெரும்பாலும் வண்டி இழுக்காது, வேகம் ஏறாது, வெடிச் சத்தம் அதன் முதல் அடையாளம் அல்ல. மிஸ்ஃபயரோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் எரியாத பெட்ரோல் போய்ப் போய் நல்ல கன்வெர்ட்டரும் நாசமாகும், லைட் மினுக்குவது அதற்கான எச்சரிக்கைதான். அதனால் காயிலைப் பார்க்காமல் புதுக் கன்வெர்ட்டர் போடுவது புதுசையும் கெடுக்கிற வேலை. எக்ஸாஸ்ட் பக்கம் இல்லாமல் முன்னால் காற்று இழுக்கிற பக்கம் வெடித்தால் காற்றுக் கசிவு, ஏர்ஃப்ளோ சென்சார், பெட்ரோல் பம்ப் என்று வேறு வழியில் தேட வேண்டும், கோடு பி0171 (காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதவில்லை) ஆக இருக்கலாம். ஸ்டியரிங்கைத் திருப்பி வேகம் எடுக்கும்போது மட்டும் டக் டக் என்றால் அது எஞ்சினே இல்லை, சக்கரத்தைச் சுழற்றுகிற டிரைவ் ஷாஃப்டின் மூட்டு, சிவி ஜாயின்ட்.

பணத்தைக் கேட்கப் போனால் "நம்ம ஆளு" காணாமல் போய்விட்டார், வேறொருவர் வந்து பிளக் காசை மட்டும் தருகிறேன் என்றார். தேவையில்லாத பழுதைத் தேவை என்று சொல்வதும், போடாத பாகத்தைப் போட்டதாகச் சொல்வதும் இங்கே பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற செயல் என்றே எழுதியிருக்கிறது. கேஸ் (CASE) என்ற பயனீட்டாளர் சங்கத்திடம் புகார் கொடுத்திருக்கிறேன். அது சரிவரவில்லை என்றால் சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் நடுவர் மன்றம், 20,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். இரண்டு பில், பழைய பிளக் நான்கு, ஸ்கேனர் திரையின் படம் எல்லாம் ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன். உங்களில் யாருக்காவது இதே போலக் கன்வெர்ட்டரை மாற்றி, பழையதைத் தராமல் அனுப்பியிருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், ஒரே பட்டறையா என்று பார்த்துவிடலாம்.