நிலக்கரிப் புகையைப் பிடிக்கும் தொழில்நுட்பம்: 5-க்கு 2 நட்சத்திரம்

நான் இருப்பது ஆரல்வாய்மொழிப் பக்கம், ஆடிக் காற்றில் கொடியில் காயப்போட்ட வேட்டி அடுத்த வீட்டுத் தென்னையில் போய்த் தொங்கும் ஊர், சுற்றிலும் காற்றாலை, அதனால் புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரித்துப் பூமிக்குள் இறக்கும் இந்தச் சரக்கைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

முதல் குறை தீனி. புகையை அமீன் என்ற, கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் ரசாயனக் கரைசலில் கழுவி, அந்தக் கரைசலைத் திரும்பச் சூடாக்கி வாயுவைப் பிரிப்பதற்கே மின் நிலையத்தின் உற்பத்தியில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும், அதை ஈடுகட்ட இன்னும் கரி எரிக்க வேண்டும். விலையா? இந்தத் தொழில்நுட்பத்தோடு கட்டிய அமெரிக்காவின் கெம்பர் நிலக்கரி மின் நிலையம் 700 கோடி டாலருக்கு மேல் விழுங்கிவிட்டு 2017-இல் கரியைக் கைவிட்டு எரிவாயுவோடு நின்றது. டெக்சாஸில் ஒரு நிலக்கரி மின் நிலையத்தோடு சேர்ந்த பெட்ரா நோவா ஆலையில் பிடித்த வாயுவை எண்ணெய் வயலில் செலுத்தி மேலும் எண்ணெய் எடுத்தார்கள். நல்ல கணக்குதான் போங்கள்!

அப்புறம், பிடித்த வாயுவைக் கொண்டுபோகும் குழாய். 2020-இல் மிசிசிப்பியின் சடார்ஷியாவில் கார்பன் டை ஆக்சைடு குழாய் வெடித்தது, அது மின் நிலைய வாயு இல்லை, ஆனால் குணம் ஒன்றுதான்: தரையோடு படிந்து ஊருக்குள் வந்து, ஆக்சிஜன் கிடைக்காமல் ஓடிக்கொண்டிருந்த கார்களே நின்றுபோயின, 45 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அந்த 2 நட்சத்திரமும் தூத்துக்குடிக்கு. அங்கே ஒரு ரசாயன ஆலை தன் நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து வாயுவைப் பிடித்து, கண்ணாடிக்கும் சலவைத் தூளுக்கும் பயன்படும் சோடா ஆஷ் செய்தது.