எண்ணெய் நுகர்வு மேப்: நிறத்தை மட்டும் நம்பாதவர்களுக்கு நல்ல கருவி

எந்த நாடு எவ்வளவு பெட்ரோலியம் பயன்படுத்துகிறது என்று ஒரே பார்வையில் காட்டுவதாகச் சொல்லும் மேப்கள் இணையத்தில் நிறையக் கிடக்கின்றன. பாதிக்கு மேல் வெறும் அலங்காரம். நாடுகளை ஒப்பிட்டுப் பார்க்க உண்மையிலேயே உதவுகிற ஒன்றைச் சொல்லச் சொன்னால், ‘அவர் வேர்ல்ட் இன் டேட்டா’ (Our World in Data) தளத்தில் இருக்கும் எண்ணெய் நுகர்வு மேப்பைத்தான் சொல்வேன். இலவசம், விளம்பரம் கிடையாது, மின்னஞ்சல் கொடுத்தால்தான் திறப்பேன் என்று அடம் பிடிக்காது. படமாகவோ அட்டவணையாகவோ இறக்கிக்கொள்ளலாம், மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு நம் கட்டுரையிலும் போட்டுக்கொள்ளலாம்.

அடியில் இருக்கும் புள்ளிவிவரம் எனர்ஜி இன்ஸ்டிடியூட் ஆண்டுதோறும் வெளியிடும் உலக ஆற்றல் அறிக்கையிலிருந்து வருகிறது. 1952 முதல் பிரிட்டிஷ் பெட்ரோலியம் நிறுவனம் வெளியிட்டு வந்த அதே அறிக்கைதான், 2023-ல் கை மாறியது. மேப் 1965-ல் தொடங்குகிறது, கீழே ஆண்டுகளை நகர்த்தும் பட்டை ஒன்று இருக்கிறது, அதைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். 1965-ல் உலக நுகர்வில் ஒரு சதவீதம்கூடத் தொடாத சீனா, தொண்ணூறுகளைத் தாண்டியதும் படிப்படியாகக் கறுத்துக்கொண்டே போய், இன்று ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் இடத்துக்கு வந்து நிற்பது கண்முன் நடக்கும். அரைப் பக்கம் எழுதினாலும் இது இப்படி மனதில் ஏறாது. சோவியத் ஒன்றியத்து நாடுகளுக்கு மட்டும் 1985-க்கு முன் போனால் கோடு போட்ட சாம்பல் நிறம்தான் வரும், ஏனென்றால் அதற்கு முன் மொத்த ஒன்றியத்துக்கும் சேர்த்தே கணக்கு இருக்கிறது, அதை இன்றைய எல்லைகளுக்குள் பிரித்துப் போட வழியில்லை.

ஆனால் இந்த மேப்பைத் திறந்தவுடன் வரும் மொத்த நுகர்வுப் பக்கத்திலேயே நின்றுவிடாதீர்கள். மொத்த அளவை நாட்டின் பரப்பு முழுக்கப் பூசிக் காட்டுவதில் ஒரு அடிப்படைக் கோளாறு இருக்கிறது, இந்தத் தளம் என்றில்லை, இந்த வகை மேப் எல்லாவற்றுக்கும் பொருந்தும். ரஷ்யாவும் ஜப்பானும் நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட ஒரே அளவில், முப்பது லட்சம் பேரலைத் தாண்டிய கணக்கில்தான் இருக்கின்றன. மேப்பில் பார்த்தால் ரஷ்யா பாதித் திரையை நிரப்பிக்கொண்டு நிற்கும், ஜப்பான் ஓரத்தில் ஒரு கீற்று. நிறம் ஒன்றாக இருந்தாலும் கண் என்னவோ பரப்பைத்தான் முதலில் எண்ணும். மொத்த அளவுக்கு வட்டம் வட்டமாகப் போடுவதுதான் முறை, அதிலும் வட்டத்தின் ஆரத்தை அல்ல, பரப்பை அளவுக்கு ஏற்றபடி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு மடங்கு வித்தியாசம் நான்கு மடங்காகத் தெரியும். காசு கட்டி வாங்கும் மேப் மென்பொருள் ஒன்றில் இதே தவறு முன்னிருப்பாகவே உட்கார்ந்திருந்தது, மாற்றும் இடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அதன் பெயர் வேண்டாம்.

அதனால் தனிநபர் நுகர்வுக்கான மேப்புக்குப் போய்விடுங்கள். அங்கே உலகமே வேறு மாதிரி தெரியும். மொத்தத்தில் அமெரிக்கா, சீனா, இந்தியா என்று வரிசையாக முன்னால் நிற்கும் மூன்றும் தலைக்கு வகுத்ததும் மூன்று திசையில் பிரிந்து போகின்றன: அமெரிக்காவில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 9 லிட்டர், சீனாவில் 2 லிட்டருக்குச் சற்றுக் குறைவு, இந்தியாவில் அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல். சவுதி அரேபியா கிட்டத்தட்ட அமெரிக்காவைப் போல இரண்டு மடங்கு. கோடையில் குளிர்சாதனம் ஓட மின்சாரம் தயாரிக்கக் கச்சா எண்ணெயையே நேரடியாக எரிக்கும் நாடு அது, அதனால் ஆச்சரியமில்லை.

ஒரு சங்கடம், மேப்பில் இந்த எண்கள் நாளுக்கு இத்தனை லிட்டர் என்று வராது, ஆண்டுக்கு இத்தனை கிலோவாட்-மணி என்று வரும். மொத்தப் பக்கத்தில் டெராவாட்-மணி. முதலில் எரிச்சலாக இருக்கும், எண்ணெயை மின்சார மீட்டரில் அளந்த மாதிரி. ஆனால் காரணம் நியாயமானது. ஒரு பேரல் எல்பிஜியில் இருக்கும் ஆற்றல் ஒரு பேரல் டீசலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான், இரண்டையும் பேரலாக எண்ணிக் கூட்டினால் எல்பிஜி அதிகம் பயன்படுத்தும் நாட்டின் கணக்கு வீங்கித் தெரியும். லிட்டரில் யோசித்தே பழகியவர்கள், ஒரு லிட்டருக்குச் சுமார் 10 கிலோவாட்-மணி என்று வைத்து வகுத்துக்கொள்ளலாம், நாள் கணக்கு வேண்டுமென்றால் அதை 365-ஆலும் வகுக்க வேண்டும். தோராயம்தான், நாடுகளை ஒப்பிட அது போதும்.

தனிநபர் மேப்பில் உச்சத்தில் இருக்கும் நாடு எது என்று தேடினால் கண்ணுக்கே படாது. சிங்கப்பூர். அட்டவணைத் தாவலுக்குப் போய்ப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால்தான் அது முன்னால் வரும். ஆளுக்கு நாளொன்றுக்கு 30 லிட்டருக்கு மேல் வருகிறது, அதற்காகச் சிங்கப்பூர்க்காரர்கள் ஆளுக்கு நான்கு கார் ஓட்டுகிறார்கள் என்று அர்த்தமில்லை. உலகிலேயே மிக அதிகமாகக் கப்பல்களுக்கு எரிபொருள் நிரப்பும் துறைமுகம் அங்கே இருக்கிறது. இந்த அறிக்கையில் பன்னாட்டுக் கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் நிரப்பப்படும் எரிபொருள், நிரப்பிய நாட்டின் கணக்கிலேயே எழுதப்படுகிறது. எங்கோ கிளம்பி எங்கோ போகும் கப்பல் நடுவில் டேங்கை நிரப்பிக்கொண்டால் பழி சிங்கப்பூருக்கு. சர்வதேச எரிசக்தி முகமை தன் கணக்கில் இதைத் தனியாகப் பிரித்து வைக்கிறது, அதனால் இரண்டு இடத்தில் எடுத்த எண்களைக் கலந்து ஒப்பிட்டால் சிறிய துறைமுக நாடுகளில் கதையே மாறிவிடும். இந்த எரிபொருளைச் சேர்த்தும் நீக்கியும் பார்க்க மேப்பிலேயே ஒரு பொத்தான் வைத்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும்.

தென்கொரியாவையும் இதே கண்ணோடு பாருங்கள். தலைக்கு இவ்வளவா என்று தோன்றும், அதில் பெரிய பங்கு நாஃப்தா, பிளாஸ்டிக் தொழிலுக்கான மூலப்பொருள். நுகர்வு என்றால் முழுக்க எரிப்பது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூலத்துக்கு மூலம் எண் மாறுவதும் பலரைக் குழப்புகிறது. அமெரிக்க ஆற்றல் தகவல் நிர்வாகத்தின் தளத்திலும் நாடுவாரியான மேப் உண்டு. அங்கே 2023-க்கு அமெரிக்காவின் நுகர்வு நாளொன்றுக்கு 2 கோடி பேரலைத் தாண்டும், இங்கே 1 கோடியே 90 லட்சம் அருகில் நிற்கும். யாரும் பொய் சொல்லவில்லை. அங்கே பெட்ரோலில் கலக்கும் எத்தனாலையும் சேர்த்து எண்ணுகிறார்கள், இங்கே உயிரி எரிபொருளை விலக்கிவிடுகிறார்கள். பேரல் கணக்கிலேயே வேண்டும் என்பவர்களுக்கு அந்தத் தளம் வசதி. தோற்றமும் பயன்படுத்தும் முறையும் அரசு அலுவலகப் படிவம் மாதிரி இருந்தாலும், சின்னச் சின்ன நாடுகளுக்கும் எண் கிடைக்கும். இங்கே ஆப்பிரிக்காவைத் திறந்தால் எகிப்து, அல்ஜீரியா, மொராக்கோ, தென்னாப்பிரிக்கா போல ஒருசிலவற்றைத் தவிரப் பெரும்பகுதி கோடு போட்ட சாம்பல்தான். அந்த நாடுகளை அறிக்கையிலேயே ‘மற்றவை’ என்று மொத்தமாகக் கட்டிவிடுகிறார்கள். சாம்பல் நிறம் என்றால் நுகர்வு இல்லை என்று படித்துவிட்டு ஆப்பிரிக்காவைப் பற்றி நீட்டி முழக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்று சொல்ல வேண்டும், தகவல் இல்லாத இடத்தை வெளிர் நிறத்தில் பூசி ஏமாற்றாமல் கோடு போட்டுத் தனியாகக் காட்டுவது இந்த மேப்பின் நேர்மை.

நிறப் படிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். படிகள் சமமாக இல்லை, மேலே போகப் போக அகலமாகிக்கொண்டே போகின்றன. அப்படி வைக்காவிட்டால் அமெரிக்காவும் சீனாவும் மட்டும் கறுத்து, மீதி உலகம் முழுக்க ஒரே வெளுப்பாகத்தான் இருக்கும், ஆகவே அது சரியான முடிவு. விலை என்னவென்றால், ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு நாடுகளுக்கு நடுவே பெரிய இடைவெளி ஒளிந்துகொள்ளும். காலத்தில் வரும் மாற்றமும் அப்படித்தான். 2020-ல் ஊரடங்கால் உலக எண்ணெய் நுகர்வு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சரிந்தது, ஓராண்டில் அவ்வளவு பெரிய சரிவு அதற்கு முன் பதிவானதில்லை. பட்டையை 2019-லிருந்து 2020-க்கு நகர்த்திப் பாருங்கள், பெரும்பாலான நாடுகள் நிறமே மாறாமல் அப்படியே இருக்கும். 1973 எண்ணெய்த் தடைக்குப் பின்னும் 1979 ஈரான் புரட்சிக்குப் பின்னும் வந்த சரிவுகளும் மேப்பில் இப்படித்தான் அமுங்கிப்போகின்றன.

அதற்குத்தான் பக்கத்திலேயே கோட்டுப் படத் தாவல் இருக்கிறது. மேப்பில் ஒரு நாட்டின் மேல் சுட்டியை வைத்தாலே சின்னதாக ஒரு கோடு எட்டிப்பார்க்கும், அதுவே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். அப்புறம் இரண்டு மூன்று நாடுகளைத் தேர்ந்தெடுத்துக் கோட்டுப் படத்துக்குப் போனால், 2020 ஒரு குழியாகவே விழுந்து கிடப்பது தெரியும், ஜப்பான் தொண்ணூறுகளின் நடுவில் உச்சம் தொட்டுவிட்டு இறங்கிக்கொண்டே வருவதும், இந்தியா கீழிருந்து ஏறி அதைத் தாண்டிப் போவதும் ஒரே படத்தில் கிடைக்கும். எந்த நாட்டைப் பார்க்க வேண்டும் என்று கண்டுபிடிக்க மேப், உண்மையான ஒப்பீட்டுக்குக் கோட்டுப் படம், நான் பயன்படுத்துவது இப்படித்தான்.

போனில் பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். கத்தார், குவைத் போன்ற நாடுகள் விரல் நுனிக்குள் மறைந்துவிடும், தொட்டால் பக்கத்து நாடு திறக்கும். தனிநபர் கணக்கில் முன்னணியில் இருப்பவை பெரும்பாலும் இந்தக் குட்டி நாடுகள்தான் என்பதால் போனில் நேராக அட்டவணைக்கே போய்விடுங்கள்.