செமாகுளுடைடா, டிர்செபடைடா? பர்ஸைப் பார்த்து ஒரு ஒப்பீடு

இரண்டுமே வாரம் ஒரு ஊசி, இரண்டுமே சர்க்கரையையும் எடையையும் குறைக்கும். ஆனால் விலையில் போகப்போகும் பாதை வேறு வேறு, அதற்குக் காரணம் காப்புரிமை.

செமாகுளுடைடுக்கு (கடையில் ஓசெம்பிக், வீகோவி என்ற பெயர்கள்) இந்தியாவில் காப்புரிமை 2026 மார்ச்சில் முடிந்தது. அதன்பின் நம் நாட்டு நிறுவனங்கள் அதே மருந்தைத் தயாரிக்கலாம். இது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் 2025 மார்ச்சில் எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மாத்திரைக்கு இதேதான் நடந்தது. அம்மாவுக்கு வாங்கும் அந்த மாத்திரை ஒன்று 60 ரூபாய் அளவில் இருந்தது, அப்புறம் 10 ரூபாய் பக்கம் வந்துவிட்டது. மாதத்துக்கு 30 மாத்திரை, கணக்குப் போட்டுப் பாருங்கள்.

டிர்செபடைடு (மவுஞ்சாரோ) வேறு கதை. 2025 மார்ச்சில் இங்கே வந்தபோது 5 மில்லிகிராம் குப்பி ஒன்று 4,375 ரூபாய், மாதம் நான்கு குப்பி. காப்புரிமை 2036 வரை. மலிவு விலைப் போட்டிக்கு இன்னும் பத்து வருஷம்!

சரி, பலன்? நேருக்கு நேர் நடந்த ஆய்வில், 72 வாரத்தில் டிர்செபடைடு எடையைச் சராசரியாக 20 சதவீதம் குறைத்தது, செமாகுளுடைடு 14 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. வித்தியாசம் பெரிசுதான். ஆனால் நிறுத்தினால் எடை திரும்ப ஏறுகிற மருந்துகள் இவை, அதனால் வருஷக்கணக்கில் வாங்க முடிகிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். என் ஓட்டு செமாகுளுடைடுக்கே, டாக்டர் சரி என்றால்.